ஒதுக்கப்பட்ட பகுதி

பிப்ரவரி 9

டோனர் மாற்றினேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "நன்றாகக் குலுக்கிய பின் பொருத்தவும்." இத்தனை வருஷமும் குலுக்காமலே பொருத்தியிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு எழுத்து தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? யாருக்கும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டோம், நானும் என் மனைவியும். பக்கம் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று படத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். படமே இல்லாத பக்கம் வந்தால் உள்பக்கம் திரும்பி இருமுவேன். அவள் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அவள் கண்ணில் புரை விழுந்த பிறகு இருமியும் பயனில்லை. போன கோடை விடுமுறையில் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது சிலேட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே என் கண்ண நம்பாதீங்க. உக்காருங்க."

தலை முழுக்க நரைத்த பிறகு 'அ'. இப்போது தெருவில் போகிற வண்டியைக்கூட விடுவதில்லை. பின்னால் எழுதியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் வண்டி போய்விடுகிறது, அது ஒன்றுதான் குறை.

பிப்ரவரி 12

'ஞ' இன்று கோணாமல் வந்தது.

பிப்ரவரி 16

தெருவில் ஒரே பேச்சு. பல்கலைக்கழகமும் நகரசபையும் சேர்ந்து, இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு வளாகத்தைச் சுற்றி எங்கே என்ன கட்டுவது என்று திட்டம் போட்டுவிட்டார்களாம். மதிலை ஒட்டி இருப்பது நம் தெரு. கீழே கடை, மேலே வீடு, எல்லோருக்கும் அப்படித்தான். கடை போனால் வீடும் போகும்.

எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார். "இருபத்தஞ்சு வருஷத் திட்டமாம்யா. உனக்கும் எனக்கும் அதுல பாதிக்கு மேல வேலையில்ல" என்று சிரித்தார். ஆனால் சட்டைப் பையில் ஆட்சேபணை எழுதி மடித்து வைத்திருக்கிறார். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில் வரைபடத்தை மாட்டியிருக்கிறார்களாம். நம் தெருவுக்கு என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். அவருக்கு முட்டி மாடி ஏறாது.

பக்கத்தில் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிற அக்காவும் வந்து நின்றாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், ஆனாலும் தெருவுக்கே அவள் அக்கா.

"நான் அடுப்ப விட்டு நகர முடியாது. அண்ணே, நீங்க போய்ப் படிச்சுட்டு வாங்களேன்."

படிச்சுட்டு வாங்களேன். போன வருஷம் கேட்டிருந்தால் முதுகுவலி என்றிருப்பேன். இன்று, "போறேன்" என்றேன்.

பிப்ரவரி 17

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வரைபடம் சுவர் அகலத்துக்கு இருக்கிறது. ரொம்ப நேரம் நின்றேன். காவலாளி பின்னால் வந்து, "என்ன பெரியவரே, மனப்பாடம் பண்றீங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன்.

ஆரஞ்சு நிறத்தில் 'மாணவர் விடுதிகள்'. பச்சையில் 'விளையாட்டுத் திடல்'. நீலத்தில் 'ஆய்வகங்கள்'. அச்சகம் இருக்கிற தெரு முழுக்க நீலம். பாவம், அவர்கள் இடம் போயிற்று. நம் தெரு எங்கே? பின்வாசலைக் கண்டுபிடித்து அங்கிருந்து விரலாலேயே நடந்தேன். வெளிர் மஞ்சள். அதன்மேல் இரண்டே வார்த்தை: 'ஒதுக்கப்பட்ட பகுதி'.

திரும்பத் திரும்பப் படித்தேன். விடுதி என்று இல்லை. ஆய்வகம் என்று இல்லை. நம்மை ஒதுக்கிவிட்டார்கள். ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை!

வரும்போது கால் தரையில் படவில்லை. கடை முன்னால் தெருவே கூடிவிட்டது. நான் சொன்னதும் மெஸ் அக்கா, "நம்மள எப்பவும் ஒதுக்கித்தான் வச்சிருக்காங்க. இப்பத்தான் அதுல ஒரு நல்லது நடந்திருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தையல்காரர் மட்டும் ஒரு தடவை கேட்டார். "நல்லாப் பாத்தியாய்யா?"

"எழுத்து எழுத்தாப் பாத்தேன்."

ஆட்சேபணையை நாலாகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 23

அவளுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை எதையும் படிக்கக் கூடாது. சொட்டு மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதை நான்தான் படித்தேன். "இப்ப வீட்டுல படிச்சவர் நீங்க ஒருத்தர்தான். தலைக்கனம் வராம பாத்துக்குங்க" என்றாள். கொஞ்சம் வந்துதான் இருக்கிறது.

மார்ச் 1

மெஸ் அக்கா முன்சுவரை இடித்துவிட்டாள். பழைய படிக்கட்டு இருந்த இடம்வரை அவள் பாத்தியதைதானே, அதுவரை முன்னால் இழுத்துக் கட்டினால் இன்னும் இரண்டு பெஞ்சு போடலாம். ரொம்ப நாள் ஆசை. திட்டம் என்ன ஆகுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தாளாம். "நீங்க சொன்ன அன்னிக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்ணே."

செங்கல் வந்து என் கடை வாசலிலும் பாதி இறங்கியது. இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 5

எப்படி எழுதுவது.

அவளைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்தோம். நல்ல கூட்டம். அவளுக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல எழுத்தைத் தேடினேன். ஜன்னலுக்கு மேலே இருந்தது. 'முதியோருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கை'.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெரிந்த வார்த்தையாயிற்றே. அப்புறம் யோசித்தேன் — முதியோரை எதற்காக ஒதுக்குகிறார்கள்? அந்த சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் அவன் தோளில் தட்டினார். "எந்திரி தம்பி, அது பெரியவங்களுக்குன்னு எடுத்து வச்ச சீட்டு. நீங்க உக்காருங்க ஐயா."

எடுத்து வைத்த சீட்டு.

உட்கார்ந்துவிட்டேன். ஒதுக்குவது என்றால் தள்ளி வைப்பது மட்டும் இல்லையா? ஒருத்தருக்கென்று எடுத்து வைப்பதும் அதே வார்த்தையா? அப்படியென்றால் நம் தெருவை யாருக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்?

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டது.

மார்ச் 6

எழுத ஒன்றுமில்லை. பக்கத்தில் பூச்சு வேலை நடக்கிறது. சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 7

அவளிடம் சொன்னேன். "எந்த ஒதுக்கல்னு போய்க் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லையே. படிக்கத் தெரிந்தவன் ஏன் கேட்கப் போகிறான்?

திட்ட அலுவலகத்துக்குப் போனேன். திட்டம் போடுகிற மேடம் சின்ன வயசு. உட்காரச் சொன்னார். "அங்க என்ன வரும்னு இன்னும் முடிவாகல ஐயா. பின்னாடி வளாகத்துக்கு இடம் தேவைப்படும்னு எடுத்து வச்சிருக்கோம். இன்னும் பத்து வருஷத்துல கையகப்படுத்துவாங்க. உங்க தெருவுலேர்ந்து ஒருத்தர்கூட ஆட்சேபிக்கல. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

என் பேச்சைக் கேட்டுத்தான் ஆட்சேபிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

இனி என்ன வழி என்று கேட்டேன். வந்த ஆட்சேபணைகள்மேல் பத்தொன்பதாம் தேதி விசாரணை. அறிவிப்பு எங்களுக்குப் புரியவில்லை என்று யாராவது எழுந்து சொன்னால் தலைவர் நினைத்தால் தேதியை நீட்டலாம். நீட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. "ஆனா ஏன் புரியலேன்னு தெளிவா சொல்லணும் ஐயா. படிச்சவங்க நிறைஞ்ச தெரு, புரியலேன்னா நம்பமாட்டாங்க."

மார்ச் 8

மெஸ் அக்கா புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். குழாயை மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மேஸ்திரிக்குச் சாப்பாடு வைக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

தையல்காரரிடம் பஸ் விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டினார். "ஏன்யா, பஸ்ல எழுதியிருக்கிறதக்கூடவா இத்தன வருஷம் நீ பாக்கல?"

"பாத்தா மட்டும் என்ன? எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டேன். போன கோடையில்தான் கற்றேன் என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "என் கடை போர்டுல எழுத்துப்பிழை இருக்கு. தினம் எதிர்ல உக்காந்து பாக்குற, ஒரு நாளும் நீ சொன்னதில்ல. பெரிய மனசுக்காரன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

மார்ச் 13

தெரு என்னோடு பேசுவதில்லை. நகல் எடுக்க வருகிற மாணவர்கள் மட்டும் பேசுகிறார்கள்.

விசாரணையில் பேச வேறு யாராவது இருக்கிறார்களா என்று மனசு தேடுகிறது. அங்கே வருகிறவர்கள் யார்? எல்லாம் பேராசிரியர்கள். மாணவர்களாக இருந்த காலத்திலிருந்து என் கடைக்கு வருகிறவர்கள். எத்தனை பேர், "இந்தத் தலைப்பு சரியா இருக்கா பாருங்கய்யா" என்று நீட்டியிருக்கிறார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிரமாதம்" என்றிருக்கிறேன். அவர்கள் முன்னால் எழுந்து...

அவள் சொல்கிறாள்: "வெக்கப்படணும்னா நான் படணும். பாடம் சொல்லிக் குடுத்தவ நான். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வரும்னு சொல்லாம விட்டுட்டேன்."

சிரிப்பு வரவில்லை.

மார்ச் 19

போனேன். அவள் கட்டை அவிழ்த்த கண்ணில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். தையல்காரர் தட்டுத் தடுமாறி மாடி ஏறி வந்திருந்தார். மெஸ் அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆட்சேபணை கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முடிந்தது. தலைவர் ஃபைலை மூடினார். நான் எழுந்தேன். "பட்டியல்ல இல்லாதவங்க பேச முடியாது" என்றார் ஒருவர். மேடம் தலைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பேசச் சொன்னார்கள்.

எழுதிக் கொண்டுபோனதைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஓடுகிறது. காகிதத்தை மடித்துவிட்டு வாயாலேயே சொன்னேன். ஐயா, நான் பின்வாசல் ஜெராக்ஸ் கடைக்காரன். எனக்குப் போன வருஷம்வரை படிக்கத் தெரியாது. உங்க படத்துல ஒதுக்கப்பட்ட பகுதின்னு போட்டிருந்துச்சு. எங்கள விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். தெருவுல அப்படியே சொன்னேன். என் பேச்சக் கேட்டுத்தான் ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. தப்பு என்னோடது. தெருவுக்குத் தண்டனை வேணாம்.

தலைவர் என்னையே பார்த்தார்.

"என் ஆய்வேட்ட உங்க கடையிலதான் நகல் எடுத்தேன். மூணாவது அத்தியாயம் முழுக்கத் தலைகீழா இருந்துச்சு. இன்னிக்குத்தான் காரணம் தெரியுது."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அந்த அத்தியாயத்தில் படம் இருந்திருக்காது; அன்று அவளும் ஊரில் இருந்திருக்க மாட்டாள்.

பிறகு அவர் சிரிக்காமல் கேட்டார். "அந்த வார்த்தைய இவர் சொன்ன மாதிரியே எடுத்துக்கிட்டவங்க வேற யாராவது இருக்கீங்களா?" தையல்காரர் கை தூக்கினார். அவருக்குப் பின்னால் தெருக்காரர்களின் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசி வரிசையிலிருந்து அக்காவின் கையும்.

தேதியை நீட்டியிருக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு மட்டும்.

மார்ச் 21

தையல்காரர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் எழுதினால் சீக்கிரம் முடிந்திருக்கும். "நீதான் எழுதணும்" என்று பிடிவாதம். கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் போட்டாள். பேசவில்லை.

ஏப்ரல் 30

முடிவு வந்துவிட்டது. தெரு இருக்கும். இருபத்தைந்து வருஷமும் கடைத்தெருவாகவே இருக்கும் என்று புதிய படத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை மேடத்திடம் வார்த்தை வார்த்தையாக அர்த்தம் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

ஆனால் மாணவர்கள் நடக்கப் பாதை வேண்டுமாம். அதற்காக முன்பக்கக் கோடு ஒன்று போட்டிருக்கிறார்கள். எல்லாக் கடையும் கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, அக்காவின் புதுச் சுவர் ஒன்றைத் தவிர. அது மொத்தமாக வெளியே நிற்கிறது. பழைய சுவரும் இப்போது இல்லை. இனிப் புதிதாக எழுப்புகிற சுவர் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் இருக்க வேண்டுமாம்; அப்படி எழுப்பினால் பழைய இடத்தில் பாதிதான் மிஞ்சும்.

தெரு பட்டாசு வெடிக்காத குறை. நான் கடையை அடைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மே 6

அக்காவிடம் போனேன். என் கடை நீளம். மெஷின் இரண்டையும் பின்னுக்குத் தள்ளினால் முன்பாதி காலி. உன் பெஞ்சுகளை அங்கே போட்டுக்கொள், நடுச்சுவரில் ஒரு வழி திறந்துவிடலாம் என்றேன். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மே 19

பதில் இல்லை. அக்காவின் சுவரை இடிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மே 20

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பெஞ்சுகள்.

ஜூன் 11

பல்கலைக்கழகம் திறந்துவிட்டது. மத்தியானம் கடையில் நிற்க இடமில்லை. ஒரு மாணவி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் ஆய்வேட்டை நீட்டினாள். முதல் பக்கத்தில் எண்ணெய்க் கறை. என் மனைவி புதுக்கண்ணால் பார்த்துவிட்டு, வேறு பிரதி எடுக்கச் சொன்னாள். பக்கம் நேராக இருக்கிறதா என்று நானே படித்துப் பார்த்து வைத்தேன். அந்தப் பெண் காத்திருந்த நேரத்தில் இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டாள்.

அக்கா கரண்டியோடு சுவர் வழியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியது இன்றுதான்.

"அண்ணே, அந்த மெஷின இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. நாலு வாய் கூடுதலா சாப்பிடட்டும்."