கொடுக்கில்லாத தேள்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? பின்லாந்தில் நான் சுகம்.

என் படிப்பு தேளைப் பற்றியது என்று போனில் சொன்னது என் பிழை. "குத்தினா அங்க உனக்கு ஆரு மகன்?" என்று அழுது, பள்ளிவாசலுக்கு நேர்ச்சையும் வைத்தீர்களாம். லாத்தா தன் தம்பியிடம் மறைக்காமல் சொன்னார்.

இது பொய்த்தேள், உம்மா. எள்ளளவுதான். கொடுக்கில்லை, ஆளைக் குத்தாது. நேற்று ஒரு மரப்பட்டையை உரித்தேன். உள்ளே ஒன்று, உங்கள் தறியில் நெய்வதைவிட நெருக்கமாகப் பட்டுநூலால் அறை நெய்து, வாசலையும் அடைத்திருந்தது. பனிக்காலம் முடியும்வரை தனியாகவே இருக்கும். பட்டையைப் பழையபடி பொருத்திவிட்டேன்.

நீங்கள் போர்த்துகிற போர்வையை அனுப்புங்கள். கழுவ வேண்டாம்.

பஸ் வருகிறது. தேள் இல்லையென்று நேர்ச்சையை விட்டுவிடாதீர்கள்.

மகன்
நூஹு