முதலாளியின் முத்திரை

மார்ச் 4

மருந்துக்கடையில் ஆறு மாதப் பயிற்சி இன்றோடு முடிந்தது. சொல்லிக்கொடுத்த பார்மசிஸ்ட் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். கடை முத்திரையும் விழுந்தால் லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளி போட மாட்டாராம்.

"போன வாரம் தூக்க மாத்திரை கேட்டு வந்தவரை, டாக்டர் சீட்டு இல்லைன்னு திருப்பி அனுப்பினியே. அவர் என் பழைய வாடிக்கை. கடைக்கு ஆகாத பொண்ணுக்கு எதுக்கு முத்திரை?"

பாவி. படித்ததைத்தானே செய்தேன்? நல்லா இருப்பானா இவன்?

மார்ச் 5

எனக்குத் தெரியாமல் அம்மா போய்க் கெஞ்சியிருக்கிறாள். கடை நிறைய ஆள் இருக்க, வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பியிருக்கிறான்.

இதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பயிற்சி, முதலிலிருந்து. கூடப் படித்தவர்கள் பரீட்சையே எழுதிவிட்டார்கள். நான் மறுபடியும் காலாவதியான மாத்திரை அட்டைகளைப் பொறுக்குகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நவம்பர் 2

"எதுக்குடி மருந்துச் சட்டப் பாடத்தையே கட்டிக்கிட்டு அழற?" என்கிறான் அண்ணன். எதற்கென்று அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19

பாஸ். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அம்மா அழுதாள். எனக்கு அந்த ஆளின் முகம்தான் கண்முன் வந்தது.

மே 6

பார்மசிஸ்ட் அக்கா சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டாராம். வேறு யாரும் அங்கே நிலைக்கவில்லை. பார்மசிஸ்ட் இல்லாமல் கடை திறக்கக் கூடாதென்று இன்ஸ்பெக்டர் எச்சரித்திருக்கிறார். இன்று முதலாளியிடமிருந்து போன். குரலில் தேன் ஒழுகுகிறது.

"சர்டிபிகேட்டை மட்டும் சுவத்துல மாட்டும்மா. நீ வரவே வேண்டாம்."

"அதெப்படி சார்? தினமும் வர்றேன்."

"போயும் போயும் அவன்கிட்டயா?" என்றாள் அம்மா.

"அவன்கிட்டதாம்மா."

மே 13

முதல் நாள். சீட்டில்லாமல் வந்த எல்லோரையும் டாக்டரிடம் அனுப்பினேன். முதலாளி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். நானும் போய்விட்டால் கடைக்குப் பூட்டுத்தான், அது அவருக்குத் தெரியும்.

மதியம் கவுண்டரில் நல்ல கூட்டம். கையைக் கழுவினேன்.

"சாப்பிடப் போறேன் சார். ஷட்டரை இறக்குங்க."

"கூட்டம் நிக்குதும்மா. நான் பார்த்துக்கறேன்."

"நான் இல்லாம நீங்க ஒரு மாத்திரைகூடக் குடுக்க முடியாது சார். சட்டம்."

அவரே இறக்கினார். திட்டும் வாடிக்கைக்காரர்களோடு அவரைப் படியில் நிற்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"சீக்கிரம் போகணுமா?" என்றாள் அம்மா.

"வேண்டாம். அவன் வெயில்ல காத்துக்கிட்டிருக்கான்."

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.