ஆளில்லாத வண்டி

இன்று காலை நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது உன் பேரில் ஒரு அபராதச் சலான் வந்தது. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது, போக்குவரத்துப் போலீசுக்கு மட்டும் நீ இன்னும் ஊரில்தான் இருக்கிறாய். ஸ்கூட்டரின் ஆர்.சி. உன் பேரிலேயே கிடக்கிறது. அதில் இருக்கும் போன் நம்பரும் உன்னுடையதுதான், அந்தப் போன் உன் மனைவி கலாமணியிடம் இருக்கிறது. நான் எங்கே வண்டியை நிறுத்தி மாட்டினாலும் செய்தி முதலில் அவளுக்குத்தான் போகும். அவள் அதை எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிடுவாள். "ஏனுங்ணா, ராஜ வீதியில இருக்கறீங்களாட்ட இருக்குது?" என்பாள். நான் அசடு வழிவேன்.

இன்று அவள் கூப்பிடவில்லை. படத்தை மட்டும் அனுப்பியிருந்தாள். உன் வெள்ளை ஸ்கூட்டர், சீட்டில் நீ ஒட்டிய கறுப்பு டேப், பின்னால் ஆஸ்பத்திரியின் மதில் சுவர். எந்த ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும். கீழே, நிறுத்தக்கூடாத இடத்தில் ஆளில்லாமல் நிறுத்தப்பட்ட வாகனம் என்று போட்டிருந்தது.

ஆளில்லாமல் என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நம் இருவருடைய பிழைப்பே வண்டியில் ஆள் இருப்பதில்தானே ஓடியது?

ஜிப், பட்டன், லைனிங் துணி என்று தையல் சாமான்களின் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போனோம். காந்திபுரத்தில் தொடங்கி ஒப்பணக்கார வீதி வரைக்கும் வண்டி நிறுத்த ஒரு முழம் இடம் இருக்காது. இருக்கிற இடத்தில் கையில் மிஷினோடு ஒருத்தர் நின்று காசு வாங்கிச் சீட்டுக் கொடுப்பார். அந்தக் காசுக்கு ஒரு டீயும் வடையும் ஆகுமே என்று உனக்கு வயிறு எரியும். அதனால் நீ ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தாய். உனக்கு வாய் இருந்தது, நீ கடைக்குள் போவாய். எனக்குப் பொறுமை இருந்தது, நான் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருப்பேன். போலீஸ்காரர் வந்தால் நீ உள்ளேயிருந்தே எட்டிப் பார்த்து, "ஏனுங் சார், ஆளு மேல உக்காந்திருக்கறப்ப அது நிறுத்துன வண்டிங்களா?" என்று கேட்பாய். பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வெயிலுக்கு, நனைத்த கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மடியில் ரெண்டு ஹெல்மெட்டோடு நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு மனுஷன் வக்கீலுக்கே படித்து முடித்திருக்கலாம். இதைச் சொன்னால், உன்னை யாரு படிக்க வேண்டாம்னு சொன்னா என்பாய். சரியான ஆளப்பா நீ.

ஒரே ஒரு தடவை நான் வண்டியை விட்டு இறங்கினேன். ஒன்றுக்குப் போக ரெண்டே நிமிஷம், கிராஸ்கட் ரோட்டில். திரும்பி வந்து பார்த்தால் வண்டியைத் தூக்கிப் போகிற போலீஸ் வேன் முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது, மேலே மற்ற வண்டிகளோடு நம் ஸ்கூட்டரும் படுத்திருந்தது. ஆட்டோ பிடித்துத் துரத்தினோம். ஸ்டேஷனில் பாதி நாள் நின்றோம். அபராதம் கட்டியதைவிட, அன்றைக்கு ஈரோட்டிலிருந்து வந்த பெரிய வியாபாரியைப் பார்க்க முடியாமல் போனதுதான் உனக்கு ஆறவில்லை. "ரெண்டு நிமிஷம் அடக்க முடியலையாடா உனக்கு?" என்று அதையே பத்து வருஷம் சொல்லிக் காட்டினாய். உன் மகள் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் இறங்கவே இல்லை.

அன்றைக்கும் இறங்கவில்லை. இதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டியிருந்தது.

பதினொரு மணி வெயில். மூன்றாவது கடையிலிருந்து வெளியே வந்தபோது உன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. நெஞ்சை நீவிக்கொண்டே வாயு என்றாய். வழியில் ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் நீயாகத்தான் ஓரங்கட்டினாய். நானும் வருகிறேன் என்று காலைத் தூக்கினேன். நீ தெருமுனையைக் காட்டினாய். வண்டி தூக்குகிற வேன் அங்கே நின்றுகொண்டிருந்தது.

"நீ வண்டீல இரு. நான் காட்டிப்போட்டு வாரேன்."

இருந்தேன். மாதிரிப் பெட்டியைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். ஆள் இருக்கேனுங்க சார் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் போனதும் உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்நேரம் நீ உள்ளே சுருண்டு விழுந்திருந்தாய். உன்னோடு வந்தவர் யார் என்று ஒரு நர்ஸம்மா வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டு கடைசியில்தான் வாசலுக்கு வந்திருக்கிறார். நான் ஓடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

கலாமணி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, நீங்க கூட இருந்தீங்களாங்ணா என்பதுதான். ஆமாம் அம்மணி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன் என்றேன். கடைசியாக ஏதாவது சொன்னாயா என்று கேட்டாள். அவள் பேரைத்தான் சொன்னாய் என்றேன். அழுகிற பொம்பளையிடம் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த இந்த ஸ்கூட்டர் சாவியையும் பிறகு வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஊட்டு வாசல்ல சும்மா நிக்குதுங்ணா, நீங்களே ஓட்டுங்க என்றாள். ஒவ்வொரு சலானுக்கும் அவள் சிரித்துக்கொண்டு கூப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள் அறுத்தது. சொல்லிவிட்டால் அந்தப் போன் நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது.

போன வியாழக்கிழமை அவளுக்கு ஒரு ஸ்கேன். உங்கள் மகளால் ஈரோட்டிலிருந்து வர முடியவில்லை, நான்தான் கூட்டிப் போனேன். சீட்டை எழுதிக் கொடுத்த டாக்டர் அதே ஆஸ்பத்திரியைத்தான் சொல்லியிருந்தார். உள்ளே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது என்று வாட்ச்மேன் கயிறு கட்டிவிட்டார். வெளியே மதில் ஓரம் நிறுத்தினேன். கலாமணி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க வண்டீல இருங்ணா. நான் காட்டிப்போட்டு வந்தர்றேன்" என்றாள்.

உன் வீட்டுக்காரிக்கு உன் வார்த்தைதானே வரும். ஸ்டாண்டைப் போட்டேன், சாவியை எடுத்தேன். வண்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்களே என்றாள். போனால் போகட்டும் என்று அவளுக்கு முன்னால் நடந்தேன்.

உள்ளே அவள் பேரைக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆனது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்ணா" என்றாள். "அன்னைக்கு டோக்கன் வாங்கிட்டு இங்கிருந்து எனக்குப் போன் பண்ணுனாருங்க. வாயுதான், சோத்துக்கு வந்தர்றேன்னாரு. உங்களை எங்கன்னு கேட்டேன். வண்டி மேல உக்காந்திருக்கான், வெயில்ல காயறான் பாவம், வரக்குள்ள ஒரு இளநி வாங்கிக் குடுக்கோணும்னாரு."

அவள் டோக்கனை மடித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"ரெண்டு மூணு மாசம் உங்க மேல வெறியா இருந்துச்சுங். வண்டிதான் பெருசாப் போச்சான்னு. அப்பறம் பாத்தா, உங்களை அங்க உக்கார வெச்சதே அவருதான். பேரைச் சொன்னாருன்னு சொன்னீங்களே, பொய்யின்னு தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டேன்."

அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறைக் கதவு வரைக்கும் கூடப் போனேன். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ கவலைப்படாதே. வெளியே வந்தபோது வண்டி அங்கேயேதான் நின்றது. தூக்கவில்லை, படம் மட்டும் எடுத்திருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. திரும்பும் வழியில் அவளே நிறுத்தச் சொல்லி எனக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். ரோட்டோரத்தில் நின்று அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு உனக்குச் சொல்லி மாளாது.

சலானை மத்தியானம் கட்டிவிடுவேன். கட்டாமல் இழுத்தடிக்கலாமே என்று நீ சொல்வாய், வேண்டாம். ஆர்.சி.யில் பேரை மாற்றிவிடட்டுமா என்று கலாமணியிடம் கேட்டதற்கு, அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்ணா, அந்த மெசேஜாவது அவரு பேருக்கு வரட்டும் என்றாள். ஆகவே இன்னும் கொஞ்ச நாளைக்கு நீதான் மாட்டுவாய்.

படத்தை மட்டும் அழிக்கமாட்டேன். காலையிலிருந்து நாலைந்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி மதில், உன் ஸ்கூட்டர், மேலே யாருமில்லாத சீட்டு. இந்தப் படம் ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே உன் போனுக்கு வந்திருக்க வேண்டும்.