பல்பைத் திருப்பச் சொன்ன புத்தகம்

புதன், இரவு

எங்கள் சீரியல் லைட் கடையில் ரிப்பேரை நானே செய்ய எலக்ட்ரானிக்ஸ் கற்க ஆசை. போன மாதம் வாங்கிய தடிப் புத்தகம் முதல் பாடத்திலேயே அழவைத்துவிட்டது. நமக்கு வராது என்றே இருந்தேன்.

இன்று ஏனாத்தூர் புத்தகக் கடையில் ஒல்லியாக ஒரு தமிழ்ப் புத்தகம். எல்இடி பல்பை எரியவைப்பதுதான் முதல் பாடம். கைப்பையில் எங்கள் கடைக்கு வாங்கிய குட்டி எல்இடி பல்பும் பட்டன் பேட்டரியும் இருந்தன. பல்பின் இரண்டு கம்பிக் கால்களையும் பேட்டரியின் இருபுறமும் அங்கேயே வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. புத்தகத்தை மூடப் போனேன்.

"அதுக்குள்ள மூடுறியேமா, அடுத்த வரியப் படி" என்றார் கடைக்கார அம்மா.

'எரியாவிட்டால் பல்பைத் திருப்பி வையுங்கள். பலரும் முதலில் தலைகீழாகத்தான் வைக்கிறார்கள்.'

திருப்பினேன். சிவப்பாக எரிந்தது.

"எரியுதும்மா!" என்று கத்திவிட்டேன்.

நான் எங்கே தவறுவேன் என்று தெரிந்த புத்தகம். உடனே வாங்கிவிட்டேன். இரண்டாம் பாடமும் முடிந்தது. மூன்றாவதற்கு ஒரு சுவிட்ச் வேண்டுமாம். வீட்டுக்காரர் தூங்குகிறார். அவருடைய டார்ச்சைக் கழற்றினால் என்ன?