அவருக்குத் தீர்ந்துபோன அரபி

என்னங்க,

ஸலாம். வேலையை விட்டுவிட்டு வரச் சொன்ன உங்கள் ஒற்றை வரி கிடைத்தது. முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

எங்கள் மதரஸா விடுதியில் பெண்களை அரபியில் விவாதம் செய்ய வைத்தேன் இல்லையா, அதை முதல்வரம்மா நிறுத்திவிட்டார். "இலக்கணத்தை விட்டுட்டு எதிர்த்துப் பேசக் கத்துக்கிறாங்க" என்று ஒரே பிடிவாதம். வருடக்கணக்கில் இலக்கணம் படித்தும் அரபியில் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராத பெண்கள், இப்போதுதான் "நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லப் பழகியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று அவர்களில் நாலு பேர் முதல்வரம்மாவின் அறைக்கே போய் அரபியில் நியாயம் கேட்டார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் பேச்சில் ஏகப்பட்ட தப்பு. ஒவ்வொன்றையும் திருத்தித் திருத்தி, அவரும் அரபியிலேயே மல்லுக்கு நின்றார். மணியடித்தும் விடவில்லை. கடைசியில், "முடியாதுன்னா முடியாது, போங்கடி!" என்று தமிழில் கத்திவிட்டார்.

வெளியே வந்தவர்களில் இளையவள், "டீச்சர், அவங்களுக்குத்தான் முதல்ல அரபி தீர்ந்துபோச்சு" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனாலும் தடை தடைதான்.

நீங்களாவது ஒற்றை வரியோடு நிறுத்தாமல், வேலையை விடச் சொல்வதற்குக் காரணத்தைச் சொல்லுங்கள், நானும் என் காரணத்தைச் சொல்கிறேன். அதுவரை ராஜினாமா எழுதுவதாக இல்லை.

உங்கள் வாயாடி