ஈரம் காயாத மயில்

பாளையங்கோட்டை,
ஆனந்த வருஷம், கார்த்திகை மாதம்.

சிரஞ்சீவி சங்கரசுப்பிரமணியனுக்கு, திருநெல்வேலி ஜில்லாவின் வண்டிச் சித்திரச் சக்கரவர்த்தியும் உன் சித்தப்பனுமாகிய குற்றாலலிங்கம் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். ரங்கூனில் உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன். பூலோகத்தில் ஒருவராலும் நம்ப முடியாத கதையாகவே அது இருக்கும் என்று நெல்லையப்பர் சாட்சியாக உறுதி கூறுகிறேன்.

நீ புரட்டாசியில் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. தைக்குள் கப்பலேறி வந்துவிடுவதாகவும், அதுவரை மாமன் மகள் நீலாம்பாளை வேறிடத்தில் கொடுத்துவிட வேண்டாம் என்று உன் தாய்மாமாவிடம் சொல்லிவைக்கும்படியும் எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் பின்னால் வரும். முதலில் மோட்டார்.

சீவலப்பேரி மிராசுதார் தாணுமாலையன் மோட்டார் வைத்திருக்கிறார். ஜெர்மனி தேசத்துச் சரக்கு. அது ஒருதரம் ஊதினால் பாபநாசத்துத் தென்னைகளில் குரும்பை உதிரும். ஆற்றில் இறங்கினால் தாமிரபரணி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடும். முகப்பில் ஒன்றும் கதவுகளில் இரண்டுமாகப் பித்தளைக் கழுகுகள் அதன் முத்திரை. ஜெர்மனியோடு சண்டை மூண்டதும் மிராசுதாருக்கு அந்த முத்திரையே வினையாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பி, "வே குத்தாலலிங்கம், போலீஸ்காரன் இந்தக் கழுகைப் பாத்தாம்னா வண்டியவே பிடிச்சிட்டுப் போயிருவான். மூணையும் மயிலாக்கிப் போடும்வே. நாளைக் கழிச்சுப் பையனுக்குக் கலியாணம்" என்றார்.

டிரைவர் அகமது மீரான் திருப்புளியை வைத்ததும் முதல் கழுகு விருட்டென்று பறந்துபோய் இரண்டு கிடாயைத் தூக்கிக்கொண்டு வந்தது. மற்ற இரண்டும் என் மீசையைப் பார்த்துப் பயந்து தாமாகவே கழன்று விழுந்தன. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பழைய கறுப்பைப் போக்கினேன். கழுத்துக்கு நீல எனாமல், தோகைக்குப் பச்சை. மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "அண்ணாச்சி, எம்புட்டு நீலம் பூசினாலும் அது ஆட்டுக்குட்டியத்தான பாக்குது" என்றான் மீரான். ஐப்பசி மழையில் எனாமலும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தும் பயனில்லை. ஈரத்தோடே மாட்டினோம்.

பெண் யார் என்று கேட்டு எழுதாதே. இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும்.

உன் மாமா சங்கிலிபூதத்தானிடம் நான் சண்டைதான் போட்டேன். கடலில் ஜெர்மன்காரன் கப்பல் திரிகிறது, சென்னைப்பட்டணத்து எண்ணெய்த் தொட்டியையே கொளுத்திவிட்டுப் போயிருக்கிறான், தபால் கப்பலெல்லாம் முடங்கிக் கிடக்கிறது, பைய இரும் மச்சான் என்றேன். "ரெண்டு காயிதம் போட்டுட்டேன்வே, மூச்சில்ல. மனசிருந்தா ஒரு தந்தியாவது வந்திருக்கும்லா" என்றார். உன் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவை எந்தக் கப்பலின் வயிற்றில் கிடக்கின்றனவோ. வாசலில் மோட்டார் வந்து ஊதிய பிறகு உன் மாமாவின் காதில் வேறெதுவும் விழவில்லை.

கழுகை மயிலாக்கச் சொன்னதும் அந்த ஜெர்மன் சண்டை, உன் தபாலைப் பிடித்து வைத்ததும் அதே சண்டை. யாரோ இரண்டு ராஜாக்கள் எங்கேயோ முறைத்துக்கொண்டார்கள். சீவலப்பேரிக்கு ஒரு மருமகள் கிடைத்தாள். அவள் ஏறிப்போன வண்டிக்கு மயில் எழுதிக் கொடுத்த கை இதுதான். ஆனந்த வருஷமாம். பெயர் வைத்தவன் என் கையில் அகப்பட்டால் அவனுக்கும் பச்சை எனாமல் பூசி அனுப்புவேன்.

மோட்டார் புறப்பட்டபோது மூன்று மயில்களும் ஒரே சுருதியில் அகவின. நாற்பது பெண்மயில்கள் ஆற்றங்கரை வரைக்கும் பின்னாலேயே ஓடின.

தைக்கு வர வேண்டாம், ராசா. கடல் தெளியட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. சேராதவர்களோடு சேர்ந்து குடிக்கப் பழகிவிடாதே. கோபமிருந்தால் என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. எந்தக் கப்பலில் வந்தாலும் சரி, எத்தனை மாசம் கழித்து வந்தாலும் சரி.

கலியாணச் சேதியை வேறு யாராவது உனக்கு எழுதுவார்கள். நான் சொன்ன மோட்டார் கதையில் கிடாயும் பொய், பெண்மயிலும் பொய், ஆறு வழி விட்டதும் பொய். எனாமல் காயவில்லை என்ற சின்ன விஷயம் மட்டும் மெய். வண்டியில் ஏறும்போது நீலாம்பாள் கதவில் கை ஊன்றினாள். மயிலின் கழுத்து அவள் உள்ளங்கையோடு வந்துவிட்டது. அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், என் பக்கம் குனிந்து, "மாமா, ரங்கூன் தபால் எதும் வந்துச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை என்றேன். அன்றைக்கு அதுவும் மெய்தான்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளும்,
உன் சித்தப்பன்
குற்றாலலிங்கம்.