மூட்டத்துக்கு மண் பூசுகிற ஆள்

மதினி,

நேற்று சாயல்குடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊர் நெருங்கியதும் ஜன்னல் வழியே கரிமூட்டப் புகை அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ நீங்களே வந்து ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மிளகாய் இல்லாத மாதங்களில் நீங்களும் அண்ணனும் கருவேலங்கட்டையை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் பூசி மூட்டம் போடுவீர்கள். எத்தனை தடவை தலைக்கு ஊற்றினாலும் உங்கள் தலைமுடியில் அந்த வாசம் போகாது. போன கார்த்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டீர்கள். சொல்லிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் உங்களுக்கு என்றைக்கு இருந்தது!

மதுரையில் நான் பார்க்கும் வேலையை நீங்கள் ஒருநாளும் மதித்ததில்லை. டி.என்.எஃப் என்று ஒரு புரதம். ஒரு செல் மற்ற செல்களுக்குச் சொல்லி அனுப்புகிற சேதி அது. வாங்கிக்கொள்ளும் செல்லின் நிலைமையைப் பொறுத்து, அதே சேதி ஒன்றைப் பிழைக்க வைக்கும், இன்னொன்றைச் சாகச் சொல்லும். சுற்றிலும் வீக்கத்தையும் காந்தலையும் கிளப்பிவிடும். ஒரு செல் ஏன் பிழைத்தது, பக்கத்துச் செல் ஏன் செத்தது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

“கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு சாகுறதப் பாக்க ஒனக்குச் சம்பளமா? இங்கன எழவு வீட்டுக்குப் போனா வெறும் காப்பித்தண்ணிதான் குடுப்பாக,” என்றீர்கள். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

பிறகு அந்தப் புரதம் நம் வீட்டுக்கே வந்தது. உங்களுக்கு முடக்குவாதம். விரல் கணுவெல்லாம் முண்டு மிளகாய் மாதிரி சிவந்து உருண்டு நின்றன. காலையில் எழுந்தால் கை மடங்காது. சேலைக்குக் கொசுவம் வைக்க முடியாமல் அண்ணனைக் கூப்பிட வேண்டியிருந்தது. மிளகாய் பறிக்கப் போக முடியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டீர்கள், இதைப் பொறுக்க முடியவில்லை. “எஞ்சேலைய நானே கட்டணும்த்தா. அம்புட்டுத்தேன் வேணும்,” என்று என்னிடம் அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மதுரையில் டாக்டரம்மா ஓர் ஊசியைப் பற்றிச் சொன்னார். டி.என்.எஃப்பை மடக்கிப் பிடிக்கிற ஊசி. அதைப் போடும் முன் கேட்டார், “வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?”

“எங்க வீட்டுல அப்பிடி யாருக்கும் கெடையாதும்மா. மாமனாருக்கு வெறும் மூச்சு இளைப்பு இருந்துச்சு,” என்றீர்கள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அய்யாவுக்கு வந்தது இளைப்பா மதினி? எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். டி.பி. என்று தெரிந்தால் எவன் வருவான் என்று ஊருக்கெல்லாம் இளைப்பு என்று சொல்லி, மாத்திரையை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்து, அய்யாவைத் தேற்றியவர் நீங்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையும் பெற்று, அய்யா வயதாகிப் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் வாயில் அது இளைப்பாகவே இருந்தது.

நான் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் பரமக்குடி வரைக்கும் நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒனக்காகச் சொன்ன பொய்யி அது. இப்பிடிப் போட்டுக் குடுத்துட்டியே. ஒம் மாமியா காதுல விழுந்தா என்னாகும்?”

“அவுக செத்தே போயிட்டாக மதினி.”

“செத்தா என்ன? அவுக மக இருக்காள்ல!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன், “மூட்டத்துல வெடிப்பு விட்டா என்ன செய்வீக?”

“மண்ணக் கொழச்சு அப்பணும். காத்து உள்ள போச்சுன்னா அம்புட்டும் சாம்பலாயிரும்.”

“ஒங்க நெஞ்சுக்குள்ள அய்யாகிட்ட இருந்து வந்த கிருமி அப்பிடி மூடிக் கெடக்கலாம். அதைச் சுத்தி மண்ணு பூசுறதுல இந்த டி.என்.எஃப்புக்கும் பங்கு இருக்கு. ஒங்க வெரல்ல தீ வைக்கிறதும் அதேதான்.”

“ஒரே ஆளா?” விரல் கணுவைத் தடவிப் பார்த்துக்கொண்டீர்கள். “அப்ப ஊசியப் போட்டு அவன நிப்பாட்டிட்டா, அங்கன மண்ணு பூச யாரு இருக்கா?”

“அதுக்குத்தான் சொன்னேன். முதல்ல மாத்திரையப் போட்டு உள்ள இருக்குற நெருப்ப அணைக்கணும். அப்புறந்தான் ஊசி.”

“நாசமாப் போறவன், ரெண்டு பக்கமும் வேல பாக்குறான்,” என்று அந்தப் புரதத்தைத் திட்டினீர்கள். அதோடு கோபம் போய்விட்டது.

சோதனையில் உங்களுக்கு அந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கி, ஊசிக்காகக் காத்திருந்த அந்த வாரங்கள் கொடுமையானவை. ராத்திரியில் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு முனகுவீர்கள் என்று அண்ணன் போனில் சொல்வார். ஊசியை முன்னாலேயே போட்டுவிடலாமா என்று அவர் கேட்டபோது, நீங்கள்தான் அவரை அதட்டினீர்கள். அண்ணன் வைத்த கொசுவமோ, அடடா, வைக்கோலைச் சுருட்டி இடுப்பில் செருகியது போல இருந்தது. அதோடுதான் ரேஷன் கடைக்கும் போனீர்கள். ஊசி போட்டுச் சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. ஒருநாள் விடியற்காலையில் போன் செய்து, “கட்டிட்டேன்த்தா!” என்றீர்கள். எதை என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் மிளகாயும் பறித்தீர்கள். எனக்கு அது போதாதுதான் மதினி. இன்னும் இருந்திருக்கலாம் நீங்கள்.

உங்களுக்குச் சோதனை போட்ட அன்று, “இவளுக்கும் பாத்துருங்க, இவளும் அந்த வீட்டுப் புள்ளதான,” என்று என்னையும் உட்கார வைத்தீர்கள். முன்கையில் சின்ன ஊசி. கிருமி உடம்பில் இருந்தால் அந்த இடம் தடிக்கும். பார்க்க வேண்டிய நாளில் நர்ஸம்மா முன்னால் நம் இருவர் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உங்கள் கை சிவந்து தடித்திருந்தது. என் கையில் குத்திய இடமே தெரியவில்லை.

“எனக்கு எப்படி இல்லாமப் போச்சு?” என்றேன்.

“ஒன்னய எங்க அந்த ரூமுக்குள்ள விட்டேன்? கட்டிக் குடுக்கப்போற புள்ள,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நர்ஸம்மாவிடம் விசாரிக்கத் தொடங்கினீர்கள்.

அய்யா படுத்துக் கிடந்த அந்தக் காலத்தில் உங்களுக்கும் என் வயதுதானே மதினி. நீங்களும் வாழ வந்த பிள்ளைதானே.

ஆய்வுக்கூடத்தில் கையுறை மாட்டும்போது அந்த முன்கை கண்ணில் படும். அதில் ஒன்றுமே இல்லை. அது நீங்கள் எனக்குக் கொடுத்தது.